சிஸ்கோ தெரியாமல் நெட்வொர்க் வேலைக்குப் போக முடியுமா?

கேள்வி: மின்னணுவியலில் டிப்ளமோ முடித்து, இணையச் சேவை நிறுவனம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக வீடுகளுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுத்து வருகிறேன். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் பழகியிருக்கிறேன். நெட்வொர்க் என்ஜினியராக ஆசை. சிஸ்கோ ரூட்டர் தெரியாவிட்டால் யாரும் எடுக்கமாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: பாதி உண்மை. விண்ணப்பங்களைச் சலிப்பவர்கள் முதலில் தேடுவது சிஸ்கோ நிறுவனத்தின் அடிப்படை நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏவைத்தான் என்பதால், அந்தத் தேர்வை எழுதிவிடுங்கள். ஆனால் பழகிய லினக்ஸ் வீண் என்று எண்ணிவிடாதீர்கள். ஜூனிப்பர் நிறுவன ரூட்டர்களின் இயங்குதளமான ஜூனோஸ், லினக்ஸைப் போலவே யூனிக்ஸ் பாணியிலான ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து வளர்ந்தது. அரிஸ்டாவின் ஸ்விட்சுகளும், சிறிய சேவையாளர்கள் விரும்பி வாங்கும் மைக்ரோடிக் ரூட்டர்களும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஓடுகின்றன. மைக்ரோசாஃப்ட் தன் தரவு மையங்களுக்காக உருவாக்கி 2016இல் வெளியிட்ட சோனிக் என்ற ஸ்விட்ச் இயங்குதளம், லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் மீது கட்டப்பட்டது.

"நெட் வருகிறது, சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை" என்ற புகாரை நீங்களே கேட்டிருப்பீர்கள். பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பு, ஒரு பாக்கெட்டுக்கு (தரவுத் துண்டுக்கு) உரிய 1500 பைட்டில் 8 பைட்டைத் தனக்கென எடுத்துக்கொள்வதால் மிஞ்சுவது 1492. "பாக்கெட் பெரிது" என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி என்ற பிழை அறிவிப்புச் செய்தியை வழியில் எவரேனும் தடுத்துவிட்டால், சிறிய பாக்கெட்டுகள் போய்ச் சேர, பெரியவை சத்தமில்லாமல் தொலைந்துபோகும். துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பிங் அனுப்பிப் பாருங்கள்: 1464 பைட் போகும், 1465 போகாது, ஏனெனில் பாக்கெட்டின் முன்னால் சேரும் ஹெடர்களுக்கு 28 பைட் வேண்டும். இதை, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில் காட்டி விளக்கத் தெரிந்த ஒருவரை நான் நேர்காணலில் நழுவவிடமாட்டேன்.

பயிற்சிக்கு ரூட்டர் வாங்க வேண்டியதில்லை. லினக்ஸில் தனித்தனி நெட்வொர்க்குகளைப் பிரித்து வைக்கும் நேம்ஸ்பேஸ்களால் ஒரே கணினிக்குள் நான்கைந்து ரூட்டர்களை அமைத்து, குவாகா என்ற பழைய ரூட்டிங் மென்பொருளிலிருந்து 2017இல் பிரிந்த எஃப்ஆர்ஆர் மென்பொருளை அவற்றில் ஓட்டலாம். இணைப்பை அணைத்தால் பாதை உடனே மாறிவிடும். அதில் கற்க அதிகமில்லை. இணைப்பை அப்படியே விட்டு, ரூட்டர்கள் பாதைகளைப் பகிரும் ஓஎஸ்பிஎஃப் முறையில் "நான் இருக்கிறேன்" என்று சொல்லும் ஹலோ பாக்கெட்டுகளை மட்டும் ஃபயர்வாலில் தடுத்துப் பாருங்கள். அண்டை ரூட்டர் போய்விட்டதென்று உணர, இயல்பான அமைப்பில் 40 விநாடி வரை ஆகும். அதை எப்படிக் குறைப்பது, குறைத்தால் என்ன கெடும் என்று எழுதி வையுங்கள். சான்றிதழோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லலாம்.

வேலையை வெளியில் தேடுமுன் உங்கள் நிறுவனத்தின் நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் கேளுங்கள். இரவுப் பணிக்கு அங்கே பெரும்பாலும் ஆள் தட்டுப்பாடுதான். ஃபைபர் இழுத்த கைக்குப் புகாரின் மறுமுனையும் தெரியும் என்பதை மேலாளரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.