பூட்டுத் தகட்டைப் பாருங்கள்

கேள்வி: பழைய பிரெஞ்சு எழுதுபெட்டிகளில் ஆமையோட்டுக்குள் பித்தளைக் கோலம் பதித்தது எப்படி? செய்தவரை எவ்வாறு அறிவது?

பதில்: இவ்வேலைப்பாடு, பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனைத் தச்சர் ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642–1732) பெயரால் வழங்குகிறது, அவர் இதைக் கண்டுபிடித்தவர் அல்லர், உச்சத்துக்குக் கொண்டுசென்றவர். ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மெல்லிய வாளால் ஒரே கோலத்தை இரண்டிலும் சேர்த்து அறுத்தெடுத்தால், ஒன்றின் துண்டு மற்றொன்றின் வெட்டில் பொருந்தும். ஆகவே ஓட்டின்மேல் பித்தளைக் கோலமாக ஒன்றும், பித்தளையின்மேல் ஓட்டுக் கோலமாக இன்னொன்றும் ஒரே உழைப்பில் கிடைத்தன. பொருள் வீணாகாத இந்தச் சிக்கனமே எனக்கு அக்கலையின் பேரழகாகத் தோன்றுகிறது. பல பெட்டிகளில் ஓட்டின் அடியில் செந்நிறம் பூசியிருப்பார்கள். ஓடு ஒளி ஊடுருவுவது என்பதால் அந்தச் சிவப்பு மேலே கனன்று தெரியும்.

மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் (1852–1870) இம்முறை எழுதுபெட்டிகளில் மீண்டும் தழைத்தது. பேரரசருக்கே பெட்டிகள் வழங்கிய பாரிஸ் தஹான் நிறுவனம், தன் பெயரைப் பெரும்பாலும் பூட்டுத் தகட்டில் பொறித்தது. எனவே மூடியைத் திறந்ததும் முதலில் அங்கே பாருங்கள், ஆனால் பூட்டு பின்னாளில் மாற்றப்பட்டதா என்பதைத் திருகாணித் துளைகளைக் கொண்டு சரிபார்த்த பிறகே அப்பெயரை நம்புங்கள்.