ஹர்லிங் (அயர்லாந்தின் மட்டைப்பந்து விளையாட்டு): ஸ்லிட்டர், அதாவது பந்து, மட்டையில் ஏறாமல் முன்னால் ஓடினால்

மட்டையை இன்னும் படுக்க வையுங்கள். ஜாப் லிஃப்டில் (தரையில் கிடக்கும் பந்தை மட்டையால் கிளப்பி எடுப்பதில்) பந்து மேலே வராமல் முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது என்றால், பெரும்பாலும் பிடி உயரமாக இருக்கிறது. மட்டை பந்துக்கு அடியில் நுழையாமல் அதை இடிக்கிறது.

முழங்காலை நன்றாக மடக்கி, ஒரு பாதத்தைப் பந்துக்குப் பக்கத்தில் வையுங்கள். தலை பந்துக்கு நேர் மேலே. இரு கட்டைவிரல்களும் மட்டையின் அகன்ற முனையை நோக்கட்டும். விரல் முட்டி கிட்டத்தட்ட புல்லை உரசினால் உயரம் சரி. வேகமெல்லாம் பிறகு.

அப்படியும் குனிய முடியவில்லையா? நிமிர்ந்து நின்று மட்டையைப் பக்கத்தில் ஊன்றிப் பாருங்கள். இடுப்பெலும்பைத் தாண்டினால் அது உங்களுக்கு நீளம்.

அவசரத்தில் கையால் மட்டும் அள்ளாதீர்கள். தரையில் கிடக்கும் பந்தை நேரடியாகக் கையில் எடுப்பது ஃபவுல். கைக்கு வந்த பின்னும் 4 எட்டுக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓட முடியாது.