வேலையும் சட்டமும்: காக்கிச் சட்டைக்குச் சங்கம் கூடாதா?

(தொழிலாளர் வழக்குகளில் நெடுங்காலம் வாதாடிய வழக்கறிஞர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் கணவர் ஆயுதப்படையில் முதல்நிலைக் காவலர். வார ஓய்வு காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. பஸ் டிரைவருக்குச் சங்கம் இருக்கிறது, வாத்தியாருக்கு இருக்கிறது, இவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை? மனைவிமார் நாங்கள் சேர்ந்து கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தால் அவர்கள் வேலைக்கு ஆபத்து வருமா?
- பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

அம்மா, இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் அவசரம். 1966ஆம் ஆண்டின் காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உங்கள் கணவரைக் கட்டும், உங்களைக் கட்டாது. நீங்கள் மனு கொடுக்கலாம், அனுமதி வாங்கி உட்காரலாம். ஆனால் 2024 அக்டோபரில் தெலங்கானாவில் நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறப்புக் காவல் படையினரின் மனைவிமார் பணிமுறையை மாற்றக் கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அப்புறம் காவலர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். 39 பேர் சஸ்பெண்ட், 10 பேர் டிஸ்மிஸ். எனவே நீங்கள் உட்காரும் இடத்துக்கு உங்கள் கணவர் மஃப்டியில் வந்து தண்ணீர் பாட்டில்கூடக் கொடுக்க வேண்டாம். போராட்டப் படத்தை அவர் போனிலிருந்து யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். காவலர் குறைகளைப் பற்றிய ஒரு பதிவை பேட்ச் நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதற்காக 3(பி) மெமோ (கடுந்தண்டனை வரை போகக்கூடிய குற்றச்சாட்டுக் குறிப்பாணை) வாங்கிய தலைமைக் காவலர் ஒருவர் என் கட்சிக்காரராக இருந்திருக்கிறார். எழுதியது அவர் இல்லை, வந்ததை அப்படியே தள்ளிவிட்டதுதான் அவர் செய்த குற்றம்.

சரி, ஏன் சங்கம் இல்லை? அரசியல் சட்டத்தின் 33ஆம் பிரிவு, ராணுவத்துக்கும் பொது ஒழுங்கைக் காக்கும் படைகளுக்கும் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தில் வந்ததுதான் 1966 சட்டம். அதன் 3ஆம் பிரிவைப் படித்தால் சிரிப்பும் வரும், கோபமும் வரும். முழுக்க முழுக்கப் பொழுதுபோக்கு, சமூக, மத அமைப்பு என்றால் காவலர் சேரலாம். பஜனைக் கோஷ்டி சரி, கிரிக்கெட் கிளப் சரி. சம்பளம் பேசும் சங்கம் என்றால் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் சேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டெல்லி காவலர் சங்கம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 1986ல் தீர்ப்பு வந்தது: சட்டம் செல்லும்.

கேள்வி: பக்கத்தில் கேரளாவில் போலீஸ் சங்கம் மாநாடே நடத்துகிறதே, அங்கே சட்டம் வேறா?
- ஓய்வு பெற்ற ஏட்டு, நாகர்கோவில்

சட்டம் ஒன்றுதான் ஏட்டய்யா. ‘அனுமதியில்லாமல்’ சேரக்கூடாது என்றுதான் அது சொல்கிறது; அனுமதி கொடுக்கக்கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. அங்கே கொடுத்தார்கள், இங்கே கொடுக்கவில்லை. கேரளத்தில் கீழ்நிலைக் காவலர்களுக்கு ஒன்று, அதிகாரிகளுக்கு ஒன்று எனத் தனித்தனிச் சங்கங்களே உண்டு. அதனால் அங்கே ஸ்டேஷன்களைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்களா என்ன?

கேள்வி: சங்கம் கொடுத்தால் அமெரிக்காவைப் போல, தப்பு செய்த போலீஸைக் காப்பாற்றத்தான் அது பயன்படும். நீங்கள் சங்கத்துக்காரர் என்பதால் இதை மறைக்கிறீர்களா?
- கல்லூரி ஆசிரியர், கோவை

மறைக்கவில்லை. உங்கள் பயத்தில் பாதி நியாயம். மேரிலாந்து மாநிலம் 1974லேயே காவல் அதிகாரிகளுக்கென்று தனி உரிமைச் சட்டம் போட்டது. புகார் வந்த அதிகாரியை விசாரிக்கும் முன் வக்கீல் வைத்துக்கொள்ள நாள்கணக்கில் அவகாசம் தர வேண்டும். தண்டனை வேண்டுமா என்று முடிவு செய்யும் குழுவில் சக அதிகாரிகள் உட்காருவார்கள். சாதாரணக் குடிமகனுக்குக் கிடைக்காத சலுகைகள் இவை. 2021ல் அந்த மாநிலமே அதை ரத்து செய்தது. பல அமெரிக்க நகரங்களில் இதே மாதிரி ஷரத்துகளைச் சங்கங்கள் ஊதிய ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தன. நகராட்சிக்குக் கையில் காசு குறைவாக இருக்கும். சம்பளத்தில் கொடுக்க முடியாததை ஒழுங்கு நடவடிக்கையில் விட்டுக்கொடுத்துவிடும். அதற்குக் காசு செலவில்லை பாருங்கள். விலையைக் கொடுப்பது லாக்கப்பில் அடிபடுகிறவன்.

மறுபாதியையும் கேளுங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைப்பட்டு இறந்தார்கள். அங்கே எந்தச் சங்கமும் இல்லை. தப்பை மூடிமறைக்க நம் ஊர் காவல்துறைக்குச் சங்கம் தேவைப்பட்டதே இல்லை. ஆக, எதைப் பற்றிப் பேசலாம் என்று எல்லை போட்டுவிட்டுப் பேச்சுவார்த்தை மேஜையைத் திறக்க வேண்டும் என்பதே என் கட்சி. வேலை நேரம், ஓய்வு, பந்தோபஸ்து படி, குடியிருப்பு, இடமாற்றம் பற்றிப் பேசட்டும். காவலில் ஒருவரை அடித்த வழக்கு அந்த மேஜைக்கு வரவே கூடாது.

கேள்வி: இன்று சங்கம் என்பார்கள், நாளை ஸ்டிரைக் என்பார்கள். ஒரு ராத்திரி போலீஸ் இல்லாவிட்டால் ஊர் என்ன ஆகும்?
- மளிகை வியாபாரி, சேலம்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் இதைப் பார்த்திருக்கிறது. 1919 செப்டம்பர் 9 அன்று அங்கே நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமான போலீஸார் வேலையை நிறுத்தினார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, படை வந்தது, உயிர்கள் போயின. ‘பொதுப் பாதுகாப்புக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்யும் உரிமை யாருக்கும், எங்கும், எப்போதும் இல்லை’ என்ற ஆளுநர் கூலிட்ஜ், பிறகு நாட்டின் ஜனாதிபதியே ஆனார். உங்கள் கட்சி அவர்.

ஆனால் அந்தப் போலீஸார் கேட்டது என்ன? நல்ல சம்பளம், குறைந்த வேலை நேரம், எலியும் பூச்சியும் இல்லாத ஸ்டேஷன். சீருடையைக்கூடச் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வேலை போனவர்களைத் திரும்ப எடுக்கவேயில்லை. அவர்கள் இடத்துக்கு வந்த புதியவர்களுக்கோ, கூட்டிய சம்பளமும் இலவசச் சீருடையும் கொடுத்தார்கள்! கோரிக்கை நியாயம் என்று அரசுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பிரிட்டனில் 1918ல் லண்டன் போலீஸ் வேலையை நிறுத்தியபோது சம்பளம் கூடியது. அடுத்த ஆண்டு தொழிற்சங்கத்துக்குத் தடை போட்ட அதே சட்டம், பேசுவதற்கென்று போலீஸ் பெடரேஷன் என்ற அமைப்பையும் உண்டாக்கியது. ஒரு கையால் எடுத்து மறு கையால் கொஞ்சம் கொடுத்தார்கள். நாம் எடுத்ததோடு சரி. 1979ல் பஞ்சாபில் கிளம்பிய காவலர் கிளர்ச்சி தமிழ்நாடு வரை வந்தது. பொகாரோ உருக்காலையில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினரை அடக்க ராணுவத்தையே இறக்கினார்கள். சங்கத்துக்கு அனுமதி மறுத்த நாட்டில் நடந்தது இது.

போலீஸுக்கு ஸ்டிரைக் உரிமை கேட்க நான் வரவில்லை. அதை எடுத்துக்கொள்ளும் அரசு பதிலுக்கு ஒன்று தர வேண்டும். மிச்சிகன் மாநிலம் 1969ல் போலீஸுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் தந்தது போல: பேச்சு முறிந்தால் நடுவர் தீர்ப்பு, இரு தரப்பையும் அது கட்டும். உங்கள் கடைப் பூட்டுக்கும் அதுதான் பாதுகாப்பு.

கேள்வி: அதெல்லாம் வரும்போது வரட்டும். இப்போது என்ன செய்வது? மனு கொடுத்தால் பழிவாங்குகிறார்களே.
- காவலரின் தம்பி, தேனி

தம்பி, கூட்டு மனு வேண்டாம். பத்துப் பேர் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் அதையே ‘ஒழுங்கீனம்’ என்பார்கள். அண்ணன் தன் பெயரில், தன் குறையை மட்டும், முறையான வழியில் எழுதட்டும். ஓய்வு மறுக்கப்பட்ட தேதிகளை டைரியில் குறித்து வைக்கட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது இன்னொன்று இருக்கிறது. காவலர்களுக்கும் தலைமைக் காவலர்களுக்கும் வாரம் ஒருநாள் ஓய்வு என்று தமிழக அரசு 2021ல் ஆணை போட்டது. 10 ரூபாய் கட்டணத்துடன், மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். யார் பெயரையும் எழுத வேண்டாம். கடந்த ஓராண்டில் மாவட்டத்தில் எத்தனை காவலர்களுக்கு, மாதவாரியாக, எத்தனை வார ஓய்வு தரப்பட்டது என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் பெயரைப் பார்த்து அண்ணனைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயமாக இருந்தால், வேறு ஊரில் இருக்கும் நண்பர் யாரையாவது போடச் சொல்லுங்கள். எந்த இந்தியக் குடிமகனும் கேட்கலாம். பதில் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.