எட்டு மணி அழைப்பு

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தவன் நான். அப்பா விசைத்தறித் தொழிலாளி. என் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. இப்போது மூன்றாம் பருவம். முதலாண்டுக் கணிதத் தாள்கள் இரண்டும் அரியராக நிற்கின்றன. தேர்வுக்கு முன் மூன்று நான்கு இரவுகள் தேநீர் குடித்துக் கண்விழித்துப் படிக்கிறேன். ஆனால், வினாத்தாளைப் பிரித்ததும் உள்ளங்கை வியர்த்து விடைத்தாளின் ஓரம் நனைந்துவிடுகிறது. பத்து முறை எழுதிப் பார்த்த சூத்திரம்கூட நினைவுக்கு வருவதில்லை. இரவு எட்டு மணிக்கு அழைக்கும் அம்மாவிடம் "எல்லாத்துலயும் பாஸ்மா" என்றே சொல்லி வருகிறேன். இப்போது அந்த நேரம் நெருங்கினாலே நெஞ்சு படபடக்கிறது. எனக்குப் படிப்பு வராதா?

– பெயர் வெளியிட விரும்பாத மாணவர், ஈரோடு மாவட்டம்

அன்புள்ள தம்பி,

பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் கற்ற கணிதத்தைச் சில மாதங்களுக்குள் ஆங்கிலத்தில் எழுத வேண்டிய நிலைக்கு வந்த ஒருவர் முதலாண்டில் சறுக்கியதை அறிவுக்குறைவு என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

படித்தது மனத்தில் பதிய உறக்கம் வேண்டும். நீங்கள் கண்விழிக்கும் இரவுகள் அந்தப் பதிவைக் கெடுக்கின்றன. களைத்த அந்த மூளையில், அச்சத்தால் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோன், பதிந்ததையும் எடுக்கவிடாமல் தடுக்கிறது. தேநீரில் உள்ள காஃபீனில் பாதி, குடித்து ஐந்து மணி நேரம் கழிந்தும் உடலில் தங்கியிருக்கக்கூடும் என்பதால், மாலை நான்கு மணிக்கு மேல் அதைத் தவிர்த்துவிடுங்கள். நாளுக்கு ஒரு கணக்கு போதும். முதலில் அதைத் தமிழிலேயே உங்களுக்கு விளக்கிக்கொண்டு, பிறகு நோட்டை மூடிவைத்து ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் அரியரைவிட என்னை வருத்தியது அந்த எட்டு மணி அழைப்பு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அப்பா தறிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். "கணக்குல ரெண்டு தாள் போயிருச்சும்மா, மறைச்சது தப்புதான், திரும்ப எழுதறேன்" என்ற அளவே போதும். அவர் அழக்கூடும், திட்டவும் கூடும். அந்த ஒரு நாளை உங்களால் தாங்க முடியும். ஒவ்வோர் இரவும் புதிதாகப் பொய் தேடுவதுதான் உங்களை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது.

அதற்குள் மனம் தாங்கமுடியாதபடி கனத்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, அந்தக் கணமே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். விடுதி அறையில் உடனிருக்கும் நண்பரிடமும் சொல்லிவையுங்கள்.

அம்மாவிடம் பேசியபின் எனக்கு மீண்டும் எழுதுங்கள், காத்திருப்பேன்.