வங்கிப் பணம் போய்விடுமோ என்று மக்கள் பயந்தால், தலைவரின் பேச்சு அதைத் தணிக்குமா?

தணிக்கும், பேச்சுக்கு முன்பே நடவடிக்கை எடுத்திருந்தால். 1933 மார்ச்சில் அமெரிக்கர்கள் சேமிப்பை எடுக்க வங்கி வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். வங்கியோ அந்தப் பணத்தில் பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்திருக்கும். எல்லாரும் ஒரே நாளில் கேட்டால் நல்ல வங்கியும் கவிழ்ந்துவிடும்.

மார்ச் 4 அன்று அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற ரூஸ்வெல்ட், 6ஆம் தேதி நாடு முழுக்க வங்கிகளுக்கு விடுமுறை விட்டார். 9ஆம் தேதி, வங்கிகளை மீண்டும் திறக்க வழிசெய்யும் அவசரச் சட்டம் நிறைவேறியது. அதன் பிறகுதான், 12ஆம் தேதி ஞாயிறு இரவு, வானொலியில் பேசினார். இந்த வரிசை மாறி, பேச்சு முதலில் வந்திருந்தால் பேச்சு எடுபட்டிருக்காது. 1929 பங்குச்சந்தைச் சரிவின்போது தொழில்கள் நன்றாகவே இருக்கின்றன என்று முந்தைய அதிபர் ஹூவர் சொன்னதை, வேலை இழந்தவர்கள் எப்படி நம்புவார்கள்?

ரூஸ்வெல்ட் பொத்தாம்பொதுவாகப் பேசவில்லை. வங்கி உங்கள் பணத்தை என்ன செய்கிறது, நாளை ஏன் ரிசர்வ் வங்கிகள் (நாட்டின் மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்தவை) உள்ள 12 நகரங்களில் மட்டும் திறக்கிறோம், மற்ற ஊர்களில் எப்போது திறக்கும் என்று படிப்படியாக விளக்கினார். எல்லா வங்கியும் திறக்கும், யாருக்கும் நஷ்டம் வராது என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். என் கணிப்பில், நம்பிக்கை பிறந்ததே அந்த ஒரு வரியால்தான். வங்கிகள் திறந்ததும் எடுக்கப்பட்டதைவிடப் போடப்பட்ட பணமே அதிகம்.

பயத்தை நிரந்தரமாகக் குறைத்தது 1934 ஜனவரி 1 முதல் வந்த வைப்புக் காப்பீடு, அதாவது வங்கி கவிழ்ந்தாலும் போட்ட பணம் திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதம். ஆளுக்கு 2,500 டாலர் வரை. அதை முதலில் ரூஸ்வெல்டே விரும்பவில்லை, நாடாளுமன்றம்தான் வற்புறுத்திக் கொண்டுவந்தது.