வேலைக்குப் போய்க்கொண்டே ஜப்பானிய மொழி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு சரக்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வகுப்புக்குப் போகாமல் படித்து, ஜேஎல்பிடி எனும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் என்3 நிலைவரை தேறியிருக்கிறேன் (என்5 தொடக்கம், என்1 உச்சம்). வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

தினமும் இரண்டு மணி நேரம் என்று அட்டவணை போட்டேன். மூன்றாம் வாரமே நின்றுவிட்டது. எங்கே தவறு? (ஈசூன்)

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக உட்கார்ந்து போட்ட அட்டவணையாக இருக்கும். மாதக் கடைசியில் கணக்கு முடித்து இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பும் நாளை நினைத்துப் போடுங்கள். அன்று என்னால் முடிவது 15 நிமிடம். ஆங்கி என்ற மனப்பாடச் செயலியில் பழைய சொல்லட்டைகளைப் புரட்டுவேன், அவ்வளவுதான். அதையே முழு நாளாகக் கணக்கில் வைக்கிறேன். கூடக் கிடைப்பதெல்லாம் லாபம். புதிய அட்டைகள் நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். இன்று சேர்த்தது நாளையும் வரும், சில நாள் கழித்தும் வரும். ஆசைப்பட்டு முப்பது முப்பதாகச் சேர்த்தால் இரண்டே வாரத்தில் கந்துவட்டிக்காரன்போல் வாசலில் வந்து நிற்கும்.

நான் தாதி. வேலை நேரம் வாரந்தோறும் மாறும். என்ன செய்வது? (செங்காங்)

கடிகாரத்தை விட்டுவிடுங்கள். தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு படிப்பை முடிச்சுப் போடுங்கள். ரயிலில் ஏறியதும் காதில் ஒலிப்பாடம் என்றால், எந்த நேர ரயிலானாலும் பாடம் நடக்கும். இரவு வேலை முடிந்த காலையில் மட்டும் இலக்கணத்தைத் தொடாதீர்கள். தூங்குங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நூலகத்தில் பாடநூல்கள் இரவல் கிடைக்கும். ஆங்கி ஆண்ட்ராய்டில் இலவசம், ஐஃபோனில் காசு.

தமிழ் தெரிந்திருப்பது உதவுமா? (தெம்பனிஸ்)

நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உதவியது. ‘சாப்பிட்டுப் பார்’ என்கிறோம். இந்தப் ‘பார்’ ஏன் வருகிறது என்று ஆங்கில நூல்கள் அரைப் பக்கம் விளக்குகின்றன. ஜப்பானியர் சொல்வது ‘தபெதெ மிரு’: தபெதெ என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார். ‘வாங்கி வை’ அங்கே ‘கத்தெ ஒகு’. ஒகு என்பது வைத்தல். ‘செய்துவிட்டேன்’ என்பதில் ‘விடு’ பார்க்கும் வேலையை ‘ஷிமவு’ பார்க்கிறது. வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் வரும், ‘நான் வாங்கிய புத்தகம்’ அதே வரிசையில் நிற்கும். அதனால் பாடநூலின் ஓரத்தில் ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் தமிழில் எழுதிவையுங்கள். சுசுமு ஓனோ என்ற அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவே உண்டு என்றார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அந்தச் சண்டை நமக்கெதற்கு? எழுவாயை அடுத்து ‘வ’ (wa) என்ற இடைச்சொல் வருமா ‘க’ (ga) வருமா என்ற இடத்தில் மட்டும் தமிழ் கைவிட்டுவிடும். நானும் இன்னும் தடுமாறுகிறேன்.

அப்படியானால் தமிழ் எழுத்திலேயே எழுதிப் படிக்கலாமா?

வேண்டாம். நம் ‘க’ இரண்டு ஒலிக்கு ஒரே எழுத்து; அவர்களுக்குத் தனித்தனி. ஆனால் ஒற்று நமக்குப் பழகியது: ‘கிதெ’ என்றால் வந்து, ‘கித்தெ’ என்றால் வெட்டி. படுவுக்கும் பட்டுக்கும் வேறுபாடு தெரிந்த காதுக்கு இது சுலபம். முதலில் படிக்க வேண்டிய ஜப்பானிய எழுத்துமுறையான ஹிரகானாவில் அடிப்படை எழுத்து 46தான். 247 எழுத்து படித்தவர்களுக்கு இரண்டு வாரம் போதும்.

தேர்வு எழுதத்தான் வேண்டுமா? (உட்லண்ட்ஸ்)

கட்டாயமில்லை. ஆனால் இங்கே ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. ஒரு தேதி எதிரே நின்றால் சோம்பல் கொஞ்சம் விலகும். என்4 தேர்வில் முதல்முறை 180க்கு 101 வாங்கினேன். தேற 90 போதும். ஆனாலும் தோற்றேன்! கேட்டல் பகுதிக்கெனத் தனியாக 60க்கு 19 வேண்டும். நான் வாங்கியது 17. ரயிலில் அட்டைகளை மட்டுமே புரட்டி, ஒலிப்பாடத்தை ‘வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டதன் பலன். வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை.

அனிமே பார்த்தே கற்றுக்கொள்ள முடியாதா?

காதுக்கு நல்லது, பாருங்கள். அதில் வரும் ‘ஒமாயெ’வை மட்டும் ஜப்பானிய மேலாளரிடம் சொல்லிவிடாதீர்கள். ‘டேய்’ என்று கூப்பிட்டதுபோல் ஆகிவிடும்.