ஆறு வயதுப் பிள்ளையை மார்க்க வகுப்புக்கு அனுப்புவது மூளைச்சலவையா?

கேட்டிருப்பது இதுதான்: "மகளுக்கு ஆறு வயது. மார்க்க வகுப்புக்கு அனுப்பச் சொல்லி வீட்டில் வற்புறுத்துகிறார்கள். இந்த வயதில் மதம் படிப்பிப்பதே மூளைச்சலவைதானே? தீவிரவாதம் இங்கிருந்துதானே தொடங்குகிறது?"

வீட்டில் நீங்கள் தனியாக நின்று சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை சொந்தக்காரர் வீட்டிலிருந்து போன் வரும், "பக்கத்து வீட்டுப் பிள்ளை அலம் நஷ்ரஹ் சூரா வரைக்கும் போய்ட்டுது" என்று. சூரா என்றால் குர்ஆனின் அத்தியாயம். எனக்கும் வந்தது. அனுப்புங்கள், ஆனால் கொப்பியைத் திறந்து பாருங்கள். நான் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன்.

நான் மௌலவியும் இல்லை, மனநல வைத்தியரும் இல்லை. இலங்கையில், கல்முனைப் பக்கம் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். தொழுகிறேன், நோன்பு பிடிக்கிறேன். சிறுவயதில் நானும் ஓதப்பள்ளிக்குப் போனவன்தான். ஓதிக்கொடுக்கும் லெவ்வையிடம் பிரம்படி வாங்கித்தான் அலிஃப், பே என்று அரபு எழுத்துப் படித்தேன். அதனால் எனக்கு முதுகில் தழும்பு வந்ததே தவிர வேறு கெடுதல் எதுவும் வரவில்லை. எங்கள் ஊரில் நூறு பிள்ளை ஓதப் போனால் நூறு பிள்ளையும் ஓதிவிட்டு வந்து பந்தடிக்கப் போகும். இதைச் சொல்லாமல் கதையைத் தொடங்கினால் கீழே ஒருவர் வந்து "பார்த்தீர்களா, மத்ரஸா என்றாலே இப்படித்தான்" என்பார். அவருக்குத் தீனி போட இதை எழுதவில்லை.

2017 கடைசியில், மகனுக்கு ஏழு வயது நடக்கும்போது, எங்கள் பகுதியில் ஒரு வகுப்பு புதிதாகத் தொடங்கியது. காசு இல்லை, அஸர் தொழுகைக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம். சொல்லிக்கொடுக்க ஒரு இளம் பையன், இருபத்திரண்டு வயதிருக்கும். பிள்ளைகளை அடிக்க மாட்டார், "வாங்க மகன்" என்று கூப்பிடுவார், சரியாகச் சொன்னால் கொப்பியில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுவார். பிரம்படி வாங்கிய எனக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது. மகனும் ஓடி ஓடிப் போனான். மூன்று மாதத்தில் பதினைந்து சூரா பாடமாக்கிவிட்டான். கடைக்கு வருபவர்களிடமெல்லாம் நான் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

காசில்லை என்பதும் ஒரு காரணம்தான், மறைப்பதற்கில்லை. இலங்கையில் பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும், ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை என்று ஒரு சனியன் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை எழுதுகிற பரீட்சைக்கு இரண்டாம் ஆண்டிலிருந்தே டியூஷன். தகரக் கொட்டிலுக்குள் நூற்றைம்பது பிள்ளைகளை அடைத்து, மைக் பிடித்துப் படிப்பிக்கிற ஒரு சேருக்கு மாதா மாதம் கட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு மூச்சுவிட ஞாயிறு கூட இல்லை. பெயிலானால் பிள்ளை அழும், பாஸானால் தாய் பேனர் அடிப்பாள். இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, சரி. ஆனால் மூளைச்சலவை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தத் தகரக் கொட்டில்தான்.

கல்முனையில் கடற்கரைப் பள்ளி இருக்கிறது. நாகூர் ஆண்டகை பெயரில் உள்ள தர்கா. வருஷா வருஷம் கொடியேற்றி, பன்னிரண்டு நாள் கழித்துக் கந்தூரிச் சோறு கொடுப்பார்கள். என் மாமி, அதாவது மனைவியின் தாய், மகனுடைய உம்மும்மா, எழுபது வயதிலும் அதைத் தவறவிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. ஆகவே அது அவருடைய வீடு, நாங்கள் அங்கே இருக்கிறோம்.

2018 கந்தூரிக்கு அவர் போய், வரிசையில் நின்று, லஞ்ச் ஷீட்டில் சுற்றிய ஒரு பார்சல் கொண்டுவந்தார். மாட்டிறைச்சி ஆக்கிய சோறு. சூட்டில் ஷீட்டின் உட்பக்கம் வியர்த்திருந்தது. பிரித்து, இறைச்சித் துண்டை ஒதுக்கி எடுத்து, எலும்பில்லாமல் பிய்த்துப் பேரனின் கோப்பையில் வைத்தார். அவன் கோப்பையை இரண்டு கையாலும் தள்ளினான். கோபமாகத் தள்ளவில்லை. மேசையில் சிந்திய தண்ணீரை ஒதுக்குவது போல, அவ்வளவு நிதானமாக.

"இது ஷிர்க் (அல்லாஹ்வுக்கு இணைவைக்கிற) சோறு."

"என்ன மகன் செல்றாய்?"

"கபுறுக்கு (சமாதிக்கு) படைச்ச சோறு. நீங்க தவ்பா செய்யாம (பாவமன்னிப்புக் கேட்காமல்) மௌத்தானா (செத்தால்) நரகம்தான் உம்மும்மா."

மாமி முதலில் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் முகம் மாறியதை நான் எதிரே இருந்து பார்த்தேன். நான் செய்த முதல் வேலை மகனுக்கு ஒரு அறை. அது பிழை, இன்றைக்கும் சொல்கிறேன். மாமிதான் அவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "பிள்ளைக்கு என்ன தெரியும், விடுங்க" என்றார். அவனுடைய பங்கையும் சேர்த்து அவரே தின்றார்.

அன்று இரவுதான் கொப்பியைத் திறந்தேன். நாற்பது பக்கக் கொப்பி. முன்பக்கமெல்லாம் சூராக்களின் பெயர், பக்கத்தில் நட்சத்திரம். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் அடிமட்டம் வைத்துக் கீறிய மூன்று கட்டம்: வீட்டில் யார், என்ன செய்தார், சொன்னேனா. மகனின் குண்டு குண்டு எழுத்தில், உம்மும்மா, தாயத்து, சொன்னேன். வாப்பா, பாட்டுக் கேட்டார், சொல்லவில்லை. உம்மும்மா, மவ்லூது (நபி புகழ்ப்பாட்டு) ஓதினா, சொன்னேன். "சொன்னேன்" என்ற இடத்திலெல்லாம் ஒரு நட்சத்திரம். என் வரிசையில் ஸ்டிக்கர் இல்லை. ஒவ்வொரு கிழமையும் பக்கத்தின் அடியில் பெற்றோர் கையொப்பம். ஒன்பது கையொப்பம் என்னுடையது. கடையில் பில்லுக்குப் போடுகிற அதே கிறுக்கல்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். துப்பாக்கி, கறுப்புக் கொடி இதெல்லாம் கடைசியில் வருவது, பெரும்பாலும் வருவதே இல்லை. சூரா பாடமாக்குவதிலோ சொர்க்கம் நரகம் சொல்லிக்கொடுப்பதிலோ நான் பிழை காணவில்லை. ஏழு வயதுப் பிள்ளையைத் தன் சொந்த வீட்டுக்குள் சீஐடி ஆக்குகிறார்களே, அங்கேதான் பிடிக்க வேண்டும். அந்தக் கொப்பியில் அல்லாஹ்வைப் பற்றி இருந்ததைவிட என் மாமியைப் பற்றி அதிகம் இருந்தது.

மறுநாள் ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாக உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்தார். "நான் சொல்லிக்கொடுத்ததில என்ன பொய் இருக்கு நானா? நீங்க தர்காவுக்குப் போறதா?" என்று கேட்டார். நான் போவதில்லை. எனக்கு அதில் ஈடுபாடும் இல்லை. கபுறில் கேட்பது சரியில்லை என்பதுதான் என் எண்ணமும். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனது. "அதை நான் மாமியிடம் பேசுவேன், அவன் பேசக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வந்து பிள்ளையை நிறுத்திவிட்டேன்.

அந்த நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே நாட்களில்தான், 2018 பெப்ரவரி கடைசியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்று கிளப்பிவிட்டுக் கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். அப்படி ஒரு மாத்திரை உலகத்திலேயே கிடையாது. மார்ச் முதல் வாரம் கண்டி திகன எரிந்தது. அதற்கு முன் 2014இல் அளுத்கமவிலும் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம். அங்கே மேடையில் நின்று பேசியவர்கள் காவி உடுத்த பௌத்த தேரர்கள். ஆகவே "முஸ்லிம்களை மட்டும் ஏன் சொல்கிறாய்" என்று கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அந்தக் கிழமை மகனிடம் அந்த வகுப்பில் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "சிங்களவங்க எங்கட பள்ளிய எரிக்காங்க, எங்கட ஆக்கள் பயந்தாங்கொள்ளிகள் என்று சேர் சொன்னார்" என்றான். எரித்தது உண்மை. அதை ஏழு வயதுப் பிள்ளையிடம் எந்த வாலோடு சேர்த்துச் சொல்கிறோம் என்பதுதான் விஷயம்.

அதற்கு அடுத்த வருஷம், 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தற்கொலைக் குண்டுகள். மூன்று தேவாலயம், மூன்று ஹோட்டல், 250க்கும் மேற்பட்ட உயிர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் நின்ற நேரம். அங்கே இறந்தவர்களில் 14 பேர் சிறுவர்கள். மார்க்க வகுப்பே கூடாது என்று எழுதுபவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளும் ஒரு மார்க்க வகுப்பிலிருந்துதான் வெளியே வந்தார்கள்.

இந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான் ஹாஷிம் காத்தான்குடிக்காரர். சிறுவனாக அரபுக் கல்லூரியில் சேர்ந்து, குர்ஆனைப் பாடமாக்கி, பிறகு "உங்கள் விளக்கம் பிழை" என்று ஆசிரியர்களோடேயே மல்லுக்கட்டி, அங்கிருந்து விலக்கப்பட்டவர். 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சூஃபி வழிக்காரர்களோடு அவருடைய ஆட்கள் மோதியபிறகு தலைமறைவானார். தேவாலயத்துக்கு வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே அவருடைய சண்டை அடுத்த தெரு முஸ்லிமோடு இருந்தது. கோப்பையைத் தள்ளுகிற பிள்ளையெல்லாம் ஸஹ்ரான் ஆகும் என்று சொல்லவில்லை. மகனுக்கு வகுப்பெடுத்தவருக்கும் அந்தக் கூட்டத்துக்கும் தொடர்பு என்றும் சொல்லவில்லை. அவர் இப்போது கட்டாரில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் நிற்கிறார், பொலிஸ் அவரைத் தேடி வந்ததும் இல்லை. அவர் தீவிரவாதி இல்லை, பிள்ளை வளர்த்துப் பழகாத பையன்.

ஏப்ரல் 26 இரவு, எங்களுக்குப் பக்கத்தில் உள்ள சாய்ந்தமருதில் படையினர் ஒரு வாடகை வீட்டைச் சுற்றிவளைத்தார்கள். அந்த வீட்டில் புதிதாக வந்தவர்கள் மீது சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தது எங்கள் ஆட்கள்தான். இதை யாரும் எழுதுவதில்லை. உள்ளே இருந்தவர்கள் குண்டை வெடிக்கவைத்த சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது, ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. உள்ளே ஸஹ்ரானின் தகப்பனும் சகோதரர்களும் இருந்தார்கள். ஆறு பிள்ளைகள் செத்தன. ஸஹ்ரானின் மனைவியும் மகளும் மட்டும் காயத்தோடு பிழைத்தார்கள்.

மகனுக்கு அப்போது எட்டு வயது. காலையில் கேட்டான், "அந்தப் பிள்ளைகள் சொர்க்கமா, நரகமா வாப்பா?" அந்த வகுப்பை விட்டு ஒரு வருஷம் ஆகியும் அவனுக்குள் ஆட்களைப் பிரித்துப் போட இரண்டே பெட்டிதான் இருந்தன. "சீயோனில் செத்த பிள்ளைகளையா கேட்கிறாய், இந்த வீட்டுப் பிள்ளைகளையா?" என்றேன். "ரெண்டும்" என்றான். மாமிதான் அடுப்படியிலிருந்து, "பிள்ளைகளுக்கு ஏது நரகம்" என்றார்.

எப்படி மாற்றினாய் என்று கேட்பீர்கள். நான் ஒன்றும் மாற்றவில்லை. மாமி ஒருநாளும் அவனோடு மார்க்கம் பேசி வாதாடவில்லை. மஃரிப் தொழுகைக்குப் பிறகு பக்கத்தில் உட்காரவைத்து, "எனக்குக் கண் தெரியல்ல, நீ ஓது, நான் கேக்கன்" என்பார். அவன் தஜ்வீதோடு, அதாவது உச்சரிப்பு முறை பிசகாமல் ஓதுவான், அவர் தலையாட்டிக்கொண்டு வெற்றிலை இடிப்பார். பல மாதம் அப்படியே போனது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பிள்ளை வகுப்பிலிருந்து வந்ததும் "என்ன படித்தாய்?" என்று கேட்காதீர்கள், சூராவின் பெயரைச் சொல்லிவிட்டு ஓடிவிடும். "இன்றைக்கு யாரைப் பற்றிப் பேசினீங்க?" என்று கேளுங்கள். கோவில் வகுப்பானாலும் ஞாயிறு பாடசாலையானாலும் இதே கேள்விதான்.

கொப்பி எங்கே, படம் பிடித்துப் போடு என்று கேட்பவர்களுக்கு: இல்லை. 2019 மே மாதம் வீடு வீடாகச் சோதனை. அரபு எழுத்தைக் கண்டால் என்ன ஏது என்று கேட்கத் தெரியாத பொடியன்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். சட்டையில் கப்பல் சுக்கான் படம் இருந்ததைத் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று நினைத்து, ஹசலகவில் ஒரு பெண்ணை வாரக்கணக்கில் உள்ளே வைத்த காலம் அது. ஒரு இரவு, சீமெந்து குழைக்கும் தாச்சியைப் பின்வளவில் வைத்து, அந்தக் கொப்பியை எரித்தேன். எரிகிற கையோடு மாமியின் மவ்லூது கிதாபையும், அவருடைய தாய் ஓதிய அறபுத் தமிழ் மாலைப் புத்தகத்தையும் போட்டேன். அரபு எழுத்தில் இருந்தாலும் அத்தனையும் தமிழ். சோதனைக்கு வருபவனுக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது? மாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பெடுத்த அந்தப் பையன் எதை ஒழிக்க வேண்டும் என்று பிள்ளைக்குச் சொன்னானோ அதை ஒழித்தது நான். இரண்டு நாள் கழித்து வந்த ஆமிக்காரர் முன் அறையை மட்டும் எட்டிப் பார்த்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மகன் இப்போது என்னைவிட உயரம். அந்தச் சோற்றுப் பார்சல் அவனுக்கு ஞாபகமே இல்லையாம். மாமியிடம் கேட்டால் "எந்தச் சோறு?" என்கிறார். ஆனால் அதன் பிறகு அவர் கந்தூரிச் சோற்றை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அங்கேயே ஒரு ஓரமாக உட்கார்ந்து தின்றுவிட்டு, கை கழுவிவிட்டு வருகிறார்.